கிடர்பூருக்கு வந்த சிவப்பு ஞாயிறு

1943 டிசம்பரில் கல்கத்தா துறைமுகத்தின் மேல் பறந்த ஜப்பானியக் கடற்படை விமானங்கள் என்ன நிறம்? மாடல் விமானம் கட்டுபவர்களின் பொழுதுபோக்குக் கேள்வி, ஊர் மறந்துவிட்ட ஒரு நாளுக்கு அழைத்துப் போகிறது.

கல்கத்தா மைதானத்தைத் தாண்டித் தெற்கே போனால், ஹேஸ்டிங்ஸ் முடியும் இடத்தில் ஒரு கறுத்த கால்வாய் குறுக்கிடும். ஒரு காலத்தில் கங்கையே ஓடிய தடம் என்பதால் அதற்கு ஆதி கங்கை என்று பெயர். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் டாலி நாலா. அதன் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் கிடர்பூர். எஸ்பிளனேடிலிருந்து மைதானத்தின் மரநிழலில் ஆடி அசைந்து இங்கே வந்துகொண்டிருந்த 36-ஆம் எண் ட்ராம், 2020 மே மாதத்து அம்பான் புயலோடு நின்றுபோனது. இப்போது பஸ்ஸும் ஆட்டோவும்தான்.

ஊர்ப் பெயருக்கு இரண்டு கதைகள். நீர்வழிப் பயணிகளின் காவலராக நம்பப்படும் க்வாஜா கிஸ்ரின் பெயரால் வந்தது என்பது ஒன்று. இங்கே கப்பல் கட்டிய ஜேம்ஸ் கிட் பெயரால் வந்தது என்பது இன்னொன்று. எதை நம்பினாலும் தண்ணீர் சம்பந்தம் விடாது. கிட்டின் பட்டறையில்தான் 1818-ல் 74 பீரங்கிகள் தாங்கிய ‘ஹேஸ்டிங்ஸ்’ போர்க்கப்பல் உருவானது. 1890-களில் கிடர்பூர் டாக் திறக்கப்பட்டது. அதை அடுத்த கார்டன் ரீச்சில் 1929-ல் கிங் ஜார்ஜ் டாக் வந்தது. இன்று அதன் பெயர் நேதாஜி சுபாஷ் டாக். கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஹூக்ளியில் ஏறி வரும் கப்பல்கள் இங்கே பூட்டுக் கதவுகளுக்குள் நுழைகின்றன. கப்பல் வரும்போது, பழைய பாம்பன் ரயில் பாலத்தைப்போல இரண்டாகப் பிளந்து எழும் பாஸ்கூல் பாலத்தின் முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்.

நிறங்களுக்குப் பஞ்சமில்லாத இடம் இது. துருப்பிடித்த கிடங்குக் கூரைகள், ஆரஞ்சும் நீலமுமாக அடுக்கிய கன்டெய்னர்கள், கார்டன் ரீச் கப்பல் தளத்தில் உருவாகும் போர்க்கப்பல்களின் சாம்பல். மாலுமிகள் இறக்கிய கைக்கடிகாரமும் சென்ட்டும் டேப்ரிக்கார்டரும் விற்று 1970, 80-களில் பேர்பெற்ற ஃபேன்சி மார்க்கெட், 1991-க்குப் பிறகு இறக்குமதி தாராளமானதும் பழைய மவுசை இழந்தது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. இந்தச் சந்தடியில் நடந்து போகிறவருக்கு, தலைக்கு மேல் ஒரு நாள் நடந்ததை நினைவூட்ட எதுவும் கண்ணில் படாது.

அந்த நாள் 1943 டிசம்பர் 5. ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1942 டிசம்பர் 20 இரவு தொடங்கி, ஜப்பானியர்கள் கல்கத்தாமீது சில இரவுகள் குண்டு போட்டிருந்தார்கள். பல லட்சம் பேர் மூட்டை முடிச்சோடு ஹவுரா ஸ்டேஷனுக்கும் கிராண்ட் ட்ரங்க் ரோட்டுக்கும் ஓடினார்கள். அப்போது வந்தவை இருட்டில் வந்தவை. இந்த ஞாயிறு வந்தவை பட்டப்பகலில் வந்தன, அதுவும் இரண்டு அலைகளாக. முதல் அலை ஜப்பானிய ராணுவத்தின் குண்டுவீச்சு விமானங்களும் அவற்றுக்குத் துணையாக வந்த சண்டை விமானங்களும். இரண்டாவது அலை கடற்படையுடையது: 705-ஆம் விமானப் பிரிவின் 9 குண்டுவீச்சு விமானங்கள், காவலுக்கு 331-ஆம் பிரிவின் 27 ஜீரோ விமானங்கள். இலக்கு, துறைமுகம்.

உலகெங்கும் மாடல் கட்டுபவர்கள் கேட்கும் கேள்வி இந்த இரண்டாவது அலையைப் பற்றியது. அந்த ஒன்பதும் இருபத்தேழும் என்ன நிறத்தில் இருந்தன?

பெட்டிப் படமும் பெயிண்ட் டப்பாவும்

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் நூறு துண்டுகள். வெட்டி, தேய்த்து, கோந்து வைத்து ஒட்டினால் ஒரு விமானம். 72-ல் ஒரு பங்கு என்பது பரவலான அளவு. 12 மீட்டர் இறக்கை விரிப்புள்ள ஜீரோ, இந்தக் கணக்கில் ஒரு சாண் அளவுக்குக்கூட வராது. 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒட்டுவது இரண்டு மாலை வேலை. நிறம் தேர்ந்தெடுப்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட ஓவியத்தை நம்பி பெயிண்ட் வாங்குவது புதியவர்களின் வழக்கம். ஓவியர் அதைப் பார்த்து வரைந்ததில்லை. பெயிண்ட் கம்பெனிகளும் உதவுவதுபோல உதவும். ஜப்பானின் டாமியா கம்பெனி தன் வரிசையில் எக்ஸ்எஃப்-11 என்ற எண்ணில் ஜப்பானியக் கடற்படைப் பச்சையும், எக்ஸ்எஃப்-12 என்ற எண்ணில் கடற்படைச் சாம்பலும் விற்கிறது. டப்பாவில் பேர் எழுதியிருக்கிறதே, பூசிவிட வேண்டியதுதானே?

முடியாது என்பதற்கு முதல் காரணம், ‘ஜப்பானியக் கடற்படைப் பச்சை’ என்று ஒரே ஒரு பச்சை இருந்ததில்லை. மாடல் கட்டுபவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் அமெரிக்க அரசின் 595-ஆம் எண் நிறத்தரப் புத்தகம் 1956-ல் வெளிவந்தது. போர் 1945-லேயே முடிந்துவிட்டது. எனவே போர்க்கால விமானம் எதுவும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பூசப்பட்டிருக்க வழியில்லை. ஜப்பானியக் கடற்படைக்குத் தனியாக ஒரு பட்டியல் இருந்தது. தற்காலிகத் தரவிதி எண் 117 என்பது அதன் பெயர். பச்சைகளுக்கு ‘டி’, சாம்பல்களுக்கு ‘ஜே’, கறுப்புக்கு ‘க்யூ’ என்று எழுத்தும் எண்ணும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டியலின் டி-1 ஒரு பச்சை. டி-2 இன்னொரு பச்சை.

பாகு நிறம்

1942-லிருந்து தொடங்கினால் சிக்கல் புரியும். அந்த வருடம் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் இன்னொரு கப்பலின் விமானங்கள் நம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. 9-ஆம் தேதி திருகோணமலை. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கி ‘ஹெர்மிஸ்’ மூழ்கடிக்கப்பட்டது. சென்னை நகரம் பாதி காலியானது அந்த வாரத்தில்தான்.

கொழும்பின்மீதும் திருகோணமலையின்மீதும் பறந்த ஜீரோக்களைப் பல வருடங்கள் எல்லோரும் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ பூசினார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களில் அவை பளிச்சென்று தெரிந்ததால் வந்த பழக்கம். பிறகு, தென்கடல் தீவுகளில் கிடந்த சிதைவுகளிலிருந்து தகடுகள் கிடைத்தன. மேற்புறத்தின் வெளுத்த பொடியைத் தேய்த்துப் பார்த்தபோது உள்ளே வெண்மை இல்லை. சாம்பலும் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் வந்தது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியக் கடற்படையின் தொழில்நுட்பப் பிரிவு தயாரித்த ஓர் அறிக்கையும் இதையே சொல்லியிருந்தது: ஜீரோவின் சாம்பல், சற்றே ‘அமே’யின் பக்கம் சாய்ந்தது. அமே என்பது மாவுச்சத்தைக் காய்ச்சி எடுக்கும் மிட்டாய்ப் பாகு. நம் வீட்டு அடுப்பில் பதம் பார்க்கும் பாகைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் அந்த மங்கலான மஞ்சள் பழுப்பு, சாம்பலில் துளி கலந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டிஷ் ஆய்வாளர் நிக் மில்மன் போன்றவர்கள் இந்தத் தகடுகளையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு எழுதிய பிறகு, வெள்ளை ஜீரோ மெல்ல மறைந்தது. டாமியாவும் தன் வரிசையில் எக்ஸ்எஃப்-76 என்று ஒரு சாம்பல் பச்சையைச் சேர்த்தது. ஒரு தகட்டைத் தேய்த்துப் பார்க்கும் பொறுமை, பெட்டிப் படங்கள் பல வருடம் சொல்லிவந்ததைத் திருத்தியது.

மாறிய வருடம்

ஆனால் திருகோணமலைக்கு வந்த ஜீரோவின் நிறத்தைக் கிடர்பூருக்கு வந்த ஜீரோவுக்குப் பூச முடியாது. இடையே இருபது மாதங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு மேல் பறக்கும்போது வெளிர் நிறம் வசதியாக இருந்தது. சாலமன் தீவுகளில் அமெரிக்கர்கள் திருப்பி அடிக்கத் தொடங்கியதும், தரையில் நிற்கும் விமானங்கள் குண்டுக்கு இலக்காயின. காட்டோரத்துத் தளத்தில் வெளிர் நிற விமானம் மேலிருந்து பார்த்தால் சோற்றில் கிடக்கும் கல்போலத் தெரியும். களத்திலேயே கையில் கிடைத்த பச்சையைத் தூரிகையால் தீற்றினார்கள். 1943-ன் மத்தியிலிருந்து தொழிற்சாலைகளே மேற்புறத்துக்குக் கரும்பச்சை பூசி அனுப்பின. அடிப்புறம் மட்டும் சாம்பலாகவே இருந்தது.

ஆக, 1943 நிறம் மாறிய வருடம். பழைய சாம்பல், சாம்பல்மேல் தீற்றிய பச்சை, ஆலையிலிருந்தே வந்த பச்சை ஆகிய மூன்றும் ஒரே வருடத்தில் பறந்தன. களத்தில் தீற்றிய பச்சை சீக்கிரம் உரியும். ஆலைப் பச்சை அப்படிப் பாளம் பாளமாகப் பெயராது. கிடர்பூருக்கு வந்த 331-ஆம் பிரிவு 1943 ஜூலையில் அமைக்கப்பட்டு சுமத்ரா பக்கம் அனுப்பப்பட்டது. டிசம்பரில் அதற்கு ஐந்து மாத வயது. எனவே அதன் ஜீரோவைச் செய்கிறவர், பசிபிக் தீவுப் படங்களில் பார்த்த சொறிபிடித்த பச்சையை அப்படியே காப்பியடிக்கக் கூடாது.

அடுத்த கேள்வி, எந்த ஆலை? ஜீரோவை வடிவமைத்தது மிட்சுபிஷி. ஆனால் அதிக எண்ணிக்கையில் செய்தது போட்டிக் கம்பெனியான நகாஜிமா. இரண்டு ஆலைகளின் பச்சையும் ஒன்றில்லை. பச்சையும் சாம்பலும் சந்திக்கும் கோடும் ஒன்றில்லை. மிட்சுபிஷி ஜீரோவில் அந்தக் கோடு வால்வரை ஏறக்குறைய நேராகப் போகும். நகாஜிமாவில் வாலருகே மேலே வளைந்து, வால் இறக்கையின் முனையைத் தொடும். எஞ்சின் மூடியின் கறுப்பில் மிட்சுபிஷி நீலம் கலக்கும். சக்கரம் மடங்கும் குழிக்குள் துருப்பிடிக்காமலிருக்க அவர்கள் பூசிய வார்னிஷுக்கு ‘அவோதாகே’, அதாவது பச்சை மூங்கில் என்று பெயர். அடியில் உள்ள அலுமினியம் மினுங்கும்படி நீலமும் பச்சையுமாக இருக்கும். வெள்ளிப் பூச்சின்மேல் நிறக் கண்ணாடி வார்னிஷைப் பூசித்தான் அதைக் கொண்டுவர முடியும். டப்பாவில் வராது.

குண்டு போட்ட 705-ஆம் பிரிவு அதற்கு முன்பே பேர்பெற்றது. 1943 ஏப்ரல் 18-ல் அட்மிரல் யமாமோட்டோவை ஏற்றிப்போன விமானம் இந்தப் பிரிவினுடையதுதான். அமெரிக்கர்கள் சுட்டு வீழ்த்திய அதன் சிதைவு புகன்வில் தீவின் காட்டில் இன்றும் கிடக்கிறது. அதே ரகமான மிட்சுபிஷி ஜி-4-எம் விமானங்கள்தான் அந்த இலையுதிர் காலத்தில் மேற்கே மாறி, பர்மாத் தளங்கள் வழியாகக் கல்கத்தாவுக்கு வந்தன. எரிபொருள் தொட்டிக்குக் கவசம் இல்லாததால் குண்டு பட்டவுடன் பற்றிக்கொள்ளும் அதை ‘லைட்டர்’ என்று கிண்டலடித்தார்கள். அதன் முதுகு கரும்பச்சை. வயிறு பெரும்பாலும் பூச்சில்லாத அலுமினியம்.

இரண்டு ரக விமானங்களுக்கும் பொதுவானது ஒன்று. இறக்கைகளிலும் உடலிலும் சிவப்பு வட்டம், ஜப்பானியக் கொடியின் ஞாயிறு. பச்சையின்மேல் வரும் இடங்களில் அதைச் சுற்றி வெள்ளை வளையம்.

சிவப்பை அழித்தவர்கள்

அந்தச் சிவப்பு வட்டம் எதிர்த்தரப்பின் நிறங்களையும் மாற்றிவிட்டது. பிரிட்டிஷ் விமானங்களின் சின்னம் நீல வளையம், வெள்ளை வளையம், நடுவே சிவப்புப் பொட்டு. அமெரிக்கர்களின் வெள்ளை நட்சத்திரத்துக்கு நடுவிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. ஒரு நொடியில் முடிவெடுக்கும் பீரங்கிக்காரன் கண்ணுக்குச் சிவப்பு தெரிந்தால் போதும், சுட்டுவிடுவான். சொந்த விமானங்களே விழுந்தன. 1942 மே மாதம் அமெரிக்கர்கள் சிவப்பை அழித்தார்கள். பிறகு இந்தியாவிலும் பர்மா முனையிலும் பறந்த பிரிட்டிஷ் விமானங்களிலும் சிவப்பு மறைந்து, நீலமும் வெளிர்நிறமும் மட்டும் மிஞ்சின. இந்தப் பகுதியில் பறந்த பிரிட்டிஷ் கடற்படை விமானம் ஒன்றைச் செய்து அதில் சிவப்புப் பொட்டு வைத்தால், தேதி தவறு என்று விஷயம் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள். அந்த ஒரு பொட்டுக்காக அன்று ஆள் செத்திருக்கிறான்.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் கடற்படை தன் விமானத் தளங்களுக்குக் கப்பல்போலப் பெயர் வைக்கும். பறவைப் பெயராக இருக்கும். 1942-ல் கோயம்புத்தூரில் அமைந்த விமானப் பழுதுபார்க்கும் தளத்துக்கு ‘கருடா’ என்று பெயர். தாம்பரத்தில் அமைந்ததற்கு ‘வல்லூறு’. சூலூரில் அமைந்ததற்கு ‘வைரி’. இரண்டும் தமிழ்ப் பெயர்கள், வேட்டைப் பறவைகள். இலங்கையில் புத்தளத்துத் தளத்தின் பெயர் ‘ராஜாளிய’. இதன் உறவுப் பெயரான ‘ராஜாளி’யை நம் கடற்படை 1992-ல் அரக்கோணம் தளத்துக்குச் சூட்டியது. வெள்ளைக்கார மாலுமிகள் தொப்பி நாடாவில் வல்லூறு என்று அணிந்து தாம்பரத்தில் நடந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் சுவையாகத்தான் இருக்கிறது.

அங்கெல்லாம் வந்த விமானங்களின் நிறமும் தலைவலி கொடுக்கும். கடலுக்கு மேலே பறப்பதற்கென்று பிரிட்டிஷார் வகுத்த கலவை: மேலே கருங்கடல் சாம்பலும் பச்சை சாய்ந்த கற்பலகைச் சாம்பலும், கீழே ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சை. ஆனால் கோர்செய்ர், ஹெல்கேட், அவெஞ்சர் போன்ற விமானங்கள் அமெரிக்காவில் செய்யப்பட்டவை. அமெரிக்க ஆலைகள் தங்களிடம் இருந்த பெயிண்ட்களில் ஏறக்குறையப் பொருந்தியதைப் பூசின. கற்பலகைச் சாம்பல் கேட்ட இடத்தில் ஆலிவ் பழுப்பு வந்தது. பிரிட்டிஷ் விதிப் புத்தகத்தைப் பார்த்துப் பூசுகிறவர் விதிக்குச் சரியாகவும் விமானத்துக்குத் தவறாகவும் பூசுவார்.

கறுப்புப் பூசிய பளிங்கு

கல்கத்தாவும் தனக்கே பெயிண்ட் அடித்துக்கொண்டது. கிடர்பூரிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட வராத விக்டோரியா நினைவு மண்டபம், முழுக்க மக்ரானா வெள்ளைப் பளிங்கு. நிலவொளியில் பல மைல் தூரம் தெரியும். அதை அடையாளமாக வைத்துத் துறைமுகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எனவே சாரம் கட்டி அதன்மேல் கறுப்பு அப்பினார்கள். தெருவிளக்குகளுக்கு முகமூடி. கார் விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு மை. பக்கத்து ரெட் ரோடு, ஹரிக்கேன் சண்டை விமானங்கள் ஏறி இறங்கும் ஓடுதளம் ஆனது. தரையிலிருந்து மறைய விமானங்கள் நிறம் மாற்றின. விமானத்திடமிருந்து மறைய நகரம் நிறம் மாற்றியது.

துறைமுகத்தை மட்டும் மறைக்க முடியவில்லை. ஹூக்ளியின் வளைவும் அதை ஒட்டிய நீள்சதுரக் குளங்களும் எந்தக் கறுப்புக்கும் அடங்காத வெளிச்சமான தண்ணீர். பட்டப்பகலில் வந்தவர்களுக்குக் கறுப்புப் பூசிய விக்டோரியா தேவைப்படவும் இல்லை. நவீனமான ஸ்பிட்ஃபயர்கள் அப்போது கிழக்கே சிட்டகாங் பக்கம் முனைக்கு அருகில் இருந்தன. கல்கத்தாவைக் காக்க எழுந்த ஹரிக்கேன்களால் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்த முடியவில்லை.

டப்பாவைத் திறக்கும் முன்

அனுபவசாலிகள் இத்தனைக்குப் பிறகு எப்படித்தான் நிறத்தை முடிவு செய்கிறார்கள்? முதலில் நாளையும் இடத்தையும் தீர்மானிக்கிறார்கள். ‘ஒரு ஜீரோ’ என்று தொடங்கினால் முடிவே வராது. ‘கிடர்பூர், 1943 டிசம்பர் 5’ என்று தொடங்கினால் பிரிவு தெரியும். பிரிவு தெரிந்தால் அதன் வயதும், எந்த ஆலையின் எந்த ரகம் என்பதும் நெருங்கி வரும். பிறகுதான் சாம்பலா பச்சையா என்ற கேள்வி.

அடுத்தது, தேதியுள்ள புகைப்படம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பைக் காணாது. சிவப்பு கறுப்பாகப் பதியும். மஞ்சளும் கருத்துவிடும். சொந்தப் படையினர் அடையாளம் காண ஜப்பானியர்கள் இறக்கையின் முன்விளிம்பில் பூசிய மஞ்சள் பட்டை, சில படங்களில் கரும்பட்டையாகத் தெரிவது அதனால்தான். ஃபிலிம் எது என்று தெரியாமல் படத்தைப் பார்த்து நிறம் சொல்வது, எக்ஸ்ரேயைப் பார்த்துச் சேலை நிறம் சொல்வதுபோல.

மூன்றாவது, தூரம். 72-ல் ஒரு பங்கு மாடலை 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை ஏறக்குறைய 22 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். இடையில் உள்ள காற்று நிறத்தைச் சற்று வெளுக்கும். எனவே நிஜத் தகட்டின் நிறத்தை அப்படியே பூசினால் மாடல் மிகவும் இருண்டு தெரியும். துளி வெள்ளையோ சாம்பலோ கலந்து தணிக்கிறார்கள். கடைசியாக, மாடல் எந்த விளக்கின்கீழ் வைக்கப்படுமோ அதே விளக்கின்கீழ் வைத்து ஒரு பிளாஸ்டிக் துண்டில் பூசிப் பார்க்கிறார்கள். டியூப்லைட்டின்கீழ் சரியாக இருந்த பச்சை, ஜன்னல் வெயிலில் வேறாகிவிடும். புடவைக் கடையில் துணியைத் தெருவுக்குக் கொண்டுவந்து பார்க்கும் நம் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

அடியிலிருந்து பார்த்தவர்கள்

இவ்வளவு பாடுபட்டு முடித்த ஜீரோவை அலமாரியில் வைக்கிறோம். சக்கரங்கள் கீழே, முதுகு மேலே. கண்ணில் படுவது அந்தப் பச்சை, வெள்ளை வளையமிட்ட சிவப்பு ஞாயிறு. டிசம்பர் 5-ல் அந்த முதுகைப் பார்த்தவர்கள் இன்னொரு விமானத்தில் இருந்தவர்கள் மட்டுமே. கிடர்பூரிலிருந்து பார்க்கக்கூடியது அடிப்புறம்: ஜீரோவின் சாம்பல், குண்டுவீச்சு விமானத்தின் பளபளக்கும் அலுமினியம், வளையமில்லாத சிவப்பு. அதுவும் அந்த உயரத்தில் நிறம் தெரியாது. வெயிலில் மினுங்கும் புள்ளிகளாகத்தான் தெரிந்திருக்கும்.

பார்த்தவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமையும் துறைமுகத்துக்கு ஓய்வில்லை. பர்மா முனைக்குப் போகவேண்டிய தளவாடங்கள் குவிந்துகிடந்தன. பீகார், ஒரிசா, ஐக்கிய மாகாணம், கிழக்கு வங்கம் என்று பல ஊர்களிலிருந்து வந்த கூலிகள் கப்பலிலும் படகிலும் கிடங்கிலும் வேலையில் இருந்தார்கள். சுமார் முப்பது லட்சம் பேரை விழுங்கியதாக மதிப்பிடப்படும் வங்கப் பஞ்சத்தின் வருடம் அது. நாட்டுப்புறத்தில் அரிசி இல்லை. கல்கத்தாவின் ஆலை, துறைமுகத் தொழிலாளர்கள் ஓடிவிடாமலிருக்க அவர்களுக்கு மட்டும் மலிவு விலையில் தானியம் கொடுத்தார்கள். 1942-ல் முதல் குண்டுக்கே பல லட்சம் பேர் ஓடிய பிறகு எடுத்த முன்னெச்சரிக்கை. குண்டுக்குப் பயந்து ஊருக்குப் போனால் பட்டினி. பட்டினிக்குப் பயந்து இங்கே இருந்தால் குண்டு. அந்த ஞாயிறு டாக்கில் நின்றவர்களுக்கு இருந்த வாய்ப்பு அவ்வளவே.

கப்பல்கள் சேதமடைந்தன. படகுகள் எரிந்தன. இறந்தவரும் காயமடைந்தவருமாகப் பல நூறு பேர். பிழைத்தவர்களில் பெரும்பகுதியினர் அன்றே கலைந்து போனார்கள். சரக்கு இறக்க ஆள் இல்லாமல் துறைமுகம் திணறியது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசு சொன்ன கணக்குக்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் ஒட்டவில்லை. 2015-ல் வெளிவந்த ‘ஹங்ரி பெங்கால்’ நூலில் வரலாற்றாசிரியர் ஜனம் முகர்ஜி இந்த நாளைப் பஞ்சத்தின் கதையோடு சேர்த்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மேலே 9, 27 என்று பிரிவு வாரியாகச் சொல்ல முடிகிற நமக்கு, கீழே இருந்தவர்களைப் பற்றி ‘பல நூறு’ என்றுதான் சொல்ல முடிகிறது.

கிடர்பூர் பக்கம் நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. ஹேஸ்டிங்ஸில், ஆற்றங்கரைக்கு அருகே லஸ்கர் நினைவுத் தூண் நிற்கிறது. முதல் உலகப் போரில் இறந்த வங்காள, அஸ்ஸாம் மாலுமிகள் 896 பேருக்காக 1924-ல் திறக்கப்பட்டது. சிறிய கோபுரங்களும் வளைவுகளுமாக, இந்தியச் சாயலில் அழகான கட்டடம். துறைமுகத்துக்குள், இங்கிருந்து மொரீஷியஸுக்கும் கயானாவுக்கும் சுரினாமுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்கு 2011-ல் நினைவுக்கல் வைத்தார்கள். 2015-ல் சுரினாம் படித்துறையில் மூட்டையோடு நிற்கும் ஒரு கணவன் மனைவி சிலை வந்தது. போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் கடல் தாண்டி வந்து அங்கே பூ வைக்கிறார்கள். பவானிபூர் இடுகாட்டில் இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் படையினரின் கல்லறைகள் பெயரும் தேதியுமாக வரிசையில் நிற்கின்றன.

1943 டிசம்பர் 5-ல் விழுந்த கூலிகளுக்கு லஸ்கர் தூணில் இடமில்லை. அது முந்திய போருக்கானது. சுரினாம் படித்துறையிலும் இடமில்லை. அவர்கள் எங்கும் கப்பலேறவில்லை, கப்பலில் சுமை ஏற்றியவர்கள்.

கிடர்பூருக்குப் போகிறவர்கள் குளிர்காலத்தில் போவது நல்லது. டிசம்பர் வானம் அன்று போலவே தெளிவாக இருக்கும். ஹேஸ்டிங்ஸில் லஸ்கர் தூணைப் பார்த்துவிட்டு, ஆதி கங்கைப் பாலத்தைக் கடந்து, ஃபேன்சி மார்க்கெட் வழியாக டாக் பக்கம் நடக்கலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். ஆனால் பாஸ்கூல் பாலம் ஏறியிருக்கும் நேரம் கிடைத்தால், லாரிக்காரர்களோடு நின்று உள்ளே பார்க்கலாம். செங்கல் கிடங்குகள், தூக்கி நிற்கும் கிரேன்கள், சாம்பல் நிறத் தண்ணீர்.

ஜீரோவைச் செய்து முடித்தவர்களுக்கு ஒரு யோசனை. மாடலின் அடியில் வைக்கும் பலகையில் விமானத்தின் ரகமும் பிரிவும் எழுதுவது வழக்கம். அதற்குக் கீழே இடத்தையும் நாளையும் சேர்த்து எழுதலாம்: கிடர்பூர், 1943 டிசம்பர் 5. பார்க்கிறவர் பச்சை நிறம் சரிதானா என்று முதலில் கேட்பார். அடுத்து, கிடர்பூரில் என்ன நடந்தது என்று கேட்பார்.